காகித ஏரோப்ளேனுக்கு இறக்கை தட்டைதானே, அப்பறம் எப்படிப் பறக்குது?

கேள்வி, 8 ஜூலை 2024

அரசு பள்ளில ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கறேன். இன்னைக்கு பாடத்துக்கு நடுவுல விமானம் எப்படிப் பறக்குதுன்னு ஒரு படம் போட்டேன். இறக்கைக்கு மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை, மேல போற காத்துக்கு தூரம் ஜாஸ்தி, கீழ போற காத்தோட ஒரே நேரத்துல போய்ச் சேரணும்ங்கறதால வேகமா ஓடுது, வேகமா ஓடுனா அழுத்தம் கம்மி, அதான் தூக்குது. நாங்க படிச்ச காலத்துல இருந்து சொல்றதுதான். கடைசி பெஞ்சுல ஒருத்தன் கட்டுரை நோட்டுல தாளைக் கிழிச்சு ராக்கெட் மடிச்சு விட்டுட்டான். திட்டலாம்னு பக்கத்துல போனா, "மிஸ், இதுல வளைவே இல்லயே, இது எப்படி மிஸ் பறக்குது?"ங்கறான். எனக்குப் பதில் தெரியல. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

8 ஜூலை, ராத்திரி 10:50

அவனைத் திட்டாம விட்டீங்கள்ல டீச்சர், அதுக்கே ஒரு கும்புடு. நமக்கு உடுமலைப்பேட்டைல ஜெராக்ஸ் கடை. படிச்சது பி.காம், அதனால நான் சொல்றதை அப்படியே போர்டுல எழுதீறாதீங்க. ஆனா கடைல தெனமும் அம்பது தாளாச்சும் வேஸ்ட் ஆகும், மை அப்புனது, கோணலா விழுந்தது, நடுவுல சிக்குனது. அதையெல்லாம் எங்க அம்மிணி (எட்டாவது படிக்குது) ஏரோப்ளேனா மடிச்சு மேல்மாடில இருந்து ரோட்டுல விட்டுட்டு இருக்கும். பக்கத்துக் கடைக்காரரு ஒரு நாள் டீ கிளாஸுக்குள்ள வந்து விழுந்துதுன்னு சண்டைக்கு வந்தாரு. அதுக்கப்பறம்தான் நானும் உக்காந்து இது ஏன் நேராப் போகுது, அது ஏன் குத்துதுன்னு பாக்க ஆரம்பிச்சேன்.

மொதல்ல அந்த "ஒரே நேரத்துல போய்ச் சேரணும்" கதையக் கடாசுங்க. மேல போன காத்தும் கீழ போன காத்தும் என்ன பொண்ணு மாப்ளையா, சேந்தே வந்து எறங்கோணும்னு? 2003ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல ஹோல்கர் பாபின்ஸ்கிங்கற புரொபசர் இறக்கைக்கு முன்னால பொகைய விட்டு விட்டு அனுப்பி வீடியோ எடுத்துக் காட்டிட்டாரு. மேல போற பொகை முந்திக்கிட்டு ஓடிருது, கீழ போறது பின்தங்கிருது, ரெண்டும் சந்திக்கறதே இல்ல.

காகிதத்துல நடக்கறது சிம்பிள். பஸ் ஜன்னல்ல கைய வெளிய நீட்டி (கண்டக்டர் பாக்காதப்ப) முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, கை மேல போகும். காத்தைக் கீழ தள்றோம், காத்து நம்மளை மேல தள்ளுது. நியூட்டன். அவ்ளோதான். பெர்னூலி (வேகமா ஓடுனா அழுத்தம் கம்மிங்கற விதி) எல்லாம் டூப்பு.

9 ஜூலை, காலைல

மேல எழுதுனதுல கடைசி வரிய வாபஸ் வாங்கிக்கறேன். இஞ்சினியரிங் காலேஜ்ல எடுக்கற ஒருத்தர் தனியா மெசேஜ் பண்ணி நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. பெர்னூலி டூப்பு இல்லையாம். இறக்கைக்கு மேல காத்து வேகமாத்தான் ஓடுது, அங்க அழுத்தம் கம்மியாத்தான் இருக்குது, ரெண்டும் நெசம். டூப்பு எதுன்னா "ஏன் வேகமா ஓடுது"ங்கறதுக்கு சொல்ற அந்த ஒரே நேரத்துக் காரணம் மட்டும். நியூட்டன் கணக்குப் போட்டாலும் பெர்னூலி கணக்குப் போட்டாலும் ஒரே ஆட்டைத்தான் எண்றோம், ஒருத்தர் தலையை எண்றாரு, ஒருத்தர் காலை எண்ணி நாலால வகுக்கறாரு.

சரிங்க சார், ஒத்துக்கறேன்.

9 ஜூலை, மத்தியானம், கடைல கூட்டம் இல்ல

ஸ்கூல்ல எங்களுக்குக் காட்டுன ஒரு வித்தை ஞாபகம் வந்துச்சு. நீளமா ஒரு காகிதத் துண்டைக் கீழ் உதட்டுக்கு அடில பிடிச்சு, மேல ஊதுனா தொங்கற முனை மேல வரும். "பாரு, பெர்னூலி"ன்னு சொல்லுவாங்க. இப்ப ரெண்டு இஞ்ச் அகலத்துக்கு ஏ4ல துண்டு வெட்டி மறுபடி பண்ணிப் பாத்தேன், வருது. அப்பறம் அதே துண்டை நேரா செங்குத்தா தொங்க விட்டுட்டு, ஒரு பக்கமா மேல இருந்து கீழ ஊதுனேன். ஊதுன பக்கம் அழுத்தம் கம்மின்னா தாள் அந்தப் பக்கம் இழுத்துக்கோணும்ல? அசையவே காணோம். கன்னம் வலிச்சதுதான் மிச்சம், ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த பாட்டி ஒண்ணு "என்ன சாமி, மந்திரிக்கறயா"ன்னு கேட்டுச்சு.

வெறுமனே வேகமா ஊதுனா மட்டும் ஒண்ணும் ஆகறதில்ல. மொதல்ல தாள் வளைஞ்சு தொங்குச்சு, காத்து அந்த வளைவை ஒட்டிக்கிட்டே கீழ திரும்புச்சு, திரும்பற எடத்துலதான் அழுத்தம் கொறையுது. ரெண்டாவதுல திரும்பறதுக்கு எடமே இல்ல. இதை அந்தக் கடைசி பெஞ்ச் தம்பிகிட்ட குடுங்க டீச்சர், பிடிச்சுக்குவான்.

12 ஜூலை

"ராக்கெட் விடறதுல என்னய்யா சயின்ஸ், கைல தெம்பு இருந்தாப் போகுது"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. பாதி சரி. தூரத்துக்கு உலக சாதனை வச்ச கதையப் பாருங்க. 2012ல அமெரிக்காவுல ஜான் காலின்ஸ்னு ஒருத்தர், ஏரோப்ளேன் மடிக்கறதுல மன்னன், ஆனா அவரு எறிஞ்சா அவ்ளோ தூரம் போகல. அதனால ஜோ அயூப்னு அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்து எறியற ஆளைக் கூட்டிட்டு வந்து எறிய வச்சாரு. 69.14 மீட்டர். அப்ப தெம்பு வேணும்தான். ஆனா அண்ணே, அந்த எறிகாரருகிட்ட நீங்க மடிச்சதைக் குடுத்திருந்தா பத்து மீட்டர்ல கரணம் போட்டிருக்கும். 2022 ஏப்ரல்ல இதை ஒடச்சது தென்கொரியாவுல ஒரு குழு, 77.134 மீட்டர். அதையும் அதே வருசம் டிசம்பர்ல ஒடச்சது போயிங் கம்பெனி இஞ்சினியருங்க, 88.318 மீட்டர்.

ஏன் கரணம் போடும்னா, தூக்கற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். ரெண்டு மடங்கு வேகமா எறிஞ்சா தூக்கறது நாலு மடங்கு. நிதானமா விட்டா அழகா மெதக்கற ப்ளேனை நீங்க முறுக்கிக்கிட்டு எறிஞ்சீங்கன்னா மூக்கைத் தூக்கிட்டு மேல போயி தலைக்கு மேல வளையம் போட்டு உங்க முதுகுலயே வந்து குத்தும். எனக்கு குத்தியிருக்குது.

இது தூரம். எவ்ளோ நேரம் மெதக்குதுங்கறது வேற போட்டி, அதுக்கு வேற மாதிரி ப்ளேன், இறக்கை அகலமா. 2010ல ஜப்பான்ல டகுவோ டோடா 29.2 செகண்ட் நிக்க வச்சாரு. ஒரு சின்ன விளம்பரம் முழுசா ஓடி முடியற நேரம். நம்ம ப்ளேன் மூணு செகண்ட் நின்னா அன்னைக்கு எங்க வீட்ல பாயாசம்.

14 ஜூலை, ஞாயித்துக்கெழம

ஸ்கூல் கிரவுண்டுல வச்சு அளந்து போடறேன்னு சொல்லியிருந்தேன். போனோம். அளக்கல. உடுமலைல ஜூலைல வெளிய நின்னு காகிதம் விடலாம்னு நெனச்ச என்னைச் சொல்லோணும். ஊரைச் சுத்தி காத்தாலை நட்டு வச்சிருக்கறதே பாலக்காட்டுக் கணவாய்ல புகுந்து வர்ற இந்தக் காத்துக்காகத்தான். அம்மியே பறக்கும்ங்கறாங்க, அஞ்சு கிராம் தாள் எம்மாத்திரம். மொத ப்ளேன் வேலியத் தாண்டி தென்னந்தோப்புக்குள்ள போயிருச்சு. அம்மிணி அதையே "சாதனை"ன்னு நோட்டுல எழுதி வச்சிருக்குது.

21 ஜூலை, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க

எடம் கெடச்சிருச்சு. கல்யாண மண்டபம்! ஆடி மாசம், ஒரு முகூர்த்தம் கெடையாது, மண்டபம் வௌவால் அடிச்சுட்டுக் கெடக்குது. மேனேஜரு நம்ம கடைலதான் பில் புக் போடறாரு, "ஃபேன் சுவிட்சைத் தொடாதீங்க, மணமேடைல ஏறாதீங்க"ன்னு சொல்லி சாவியக் குடுத்துட்டாரு. ஃபேனைத் தொடற எண்ணமே இல்லீங்க, எங்களுக்கு வேணுங்கறதே காத்து இல்லாத ஹால்தான். இன்னொரு கொடுப்பினை, தரைல ரெண்டடி டைல்ஸ். டேப் புடிக்க வேண்டியதில்ல, கட்டத்தை எண்ணுனாப் போதும்.

தாள் 70 ஜிஎஸ்எம் ஏ4, அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 70 கிராம். ஒரு சதுர மீட்டர்ல பதினாறு ஏ4 வரும், அதனால ஒரு தாள் 70ஐப் பதினாறால வகுத்தா 4.4 கிராம். நம்பாம பக்கத்துப் பட்டறை பத்தர்கிட்ட நகைத் தராசுல வச்சுப் பாத்தோம், சரியா இருந்துச்சு. சின்ன ஜெம் கிளிப் பத்து சேத்து வச்சா 4 கிராம், அப்ப ஒண்ணு 0.4. பத்தரு "இதுக்கு செய்கூலி சேதாரம் போடட்டுங்களா"ங்கறாரு.

மொதல்ல சாதாரண கூர் ராக்கெட், கிளிப் இல்லாம. அஞ்சடி ஒசரத்துல இருந்து தள்ளி விட்டா மூக்கைத் தூக்குது, அப்படியே நடு ஆகாசத்துல யோசிச்சு நிக்குது, பொத்துன்னு குத்துது, மறுபடி எந்திரிக்குது, மறுபடி நிக்குது. தண்ணிப் பாம்பு மாதிரி. மூக்குக்கிட்ட அடிமடிப்புல ஒரு கிளிப் சொருகுனதும், அம்மிணி லேசா விட்டுது பாருங்க, சத்தமே இல்லாம, ஒரே சரிவா, பத்து டைல்ஸ். இருவது அடி. அஞ்சடி எறங்கறதுக்குள்ள இருவது அடி முன்னால போச்சு, ஒண்ணுக்கு நாலு. இஞ்சின் ஆஃப் ஆன பெரிய பேசஞ்சர் விமானமே ஒண்ணுக்குப் பதினஞ்சு, இருவதுன்னு மெதக்கும்ங்கறாங்க. பழைய கேள்வித்தாளுக்கு நாலு கெடைச்சா மோசமில்ல.

ரெண்டு கிளிப் போட்டா ஆறு டைல்ஸ்தான். மூணு போட்டா ஈட்டி.

ஆக என் முடிவு: மூக்கு கனம் பத்தலேன்னாத்தான் அந்தப் பாம்பு ஆட்டம். முடிஞ்சுது.

பின்குறிப்பு: ஒண்ணு ஃபேன் றெக்கை மேல போய் ஒக்காந்துருச்சு. கிளிப் போட்ட நல்ல ப்ளேன். பதினெட்டடி ஒசரம், எட்டாது. மேனேஜருகிட்ட இன்னும் சொல்லல.

22 ஜூலை

முடிஞ்சுதுன்னு எழுதுனேன்ல, முடியல.

நேத்து போன்ல எடுத்த வீடியோவை ஓட்டி ஓட்டிப் பாத்தேன். பாம்பு ஆட்டத்துல ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவுல எப்பப் பாத்தாலும் அஞ்சு டைல்ஸ் சொச்சம். சின்ன மேடா இருந்தாலும் அதே அஞ்சு. வீடியோ செகண்டுக்கு 30 ஃப்ரேம், எண்ணுனா 34, 35, 36ன்னுதான் வருது. ஏன் இவ்ளோ ஒழுங்கா ஆடோணும்?

நம்ம காலேஜ் சாருகிட்டயே கேட்டேன். ஃபிரெடரிக் லான்செஸ்டர்னு இங்கிலாந்துல ஒரு இஞ்சினியர், நூறு வருசத்துக்கு முன்னாடியே சின்னச் சின்ன மாடல் விட்டு விட்டு இதைக் கண்டுபிடிச்சு வச்சிருக்காராம். ஊஞ்சல் மாதிரிதான். வேகமா விட்டா தூக்கு விசை ஜாஸ்தியாகி மேல ஏறுது, ஏற ஏற வேகம் கொறையுது, வேகம் கொறைஞ்சா தூக்கறதும் கொறைஞ்சு எறங்குது, எறங்குனா வேகம் வருது. ஒரு ஆட்டத்துக்கு ஆகற நேரம் ப்ளேன் என்ன சைஸு, என்ன கனம்ங்கறதைப் பொறுத்தே இல்ல, போற வேகத்தைப் பொறுத்ததுதான்: மீட்டர்ல வேகத்தை எடுத்து 0.45ஆல பெருக்கு, செகண்ட் வந்துரும். எங்க ப்ளேன் வேகம் வீடியோல 2.6 மீட்டர். பெருக்குனா 1.17. முப்பத்தஞ்சு ஃப்ரேமை முப்பதால வகுத்தா? 1.17!! கடைல தனியா ஒக்காந்து கைதட்டுனேன். அந்த நேரத்துல அது போற தூரம் மூணு மீட்டர், அதாவது பத்தடி, அதாவது அஞ்சு டைல்ஸ்.

இதுல இன்னொரு கூத்து. அந்த ஆட்டத்துக்கு லான்செஸ்டர் கிரேக்க மொழில இருந்து "ஃப்யூகாய்ட்"னு பேரு வச்சாரு, பறக்கறதுன்னு அர்த்தம் வரோணும்னு. ஆனா அவரு எடுத்த கிரேக்க வார்த்தைக்கு அர்த்தம் தப்பிச்சு ஓடறது. போலீஸ்ட்ட இருந்து ஓடறமாதிரி. யாரும் மாத்தல, இன்னைக்கு வரைக்கும் அதான் பேரு.

அப்ப நேத்து நான் சொன்னது? மூக்கு லேசா இருந்தா ப்ளேன் விரும்பற வேகம் கம்மி, நாங்க அதைவிட வேகமா விட்டோம், ஆடுச்சு. கிளிப் போட்டதும் அது விரும்பற வேகம் ஏறிருச்சு, எங்க கைவேகத்தோட ஒத்துப்போச்சு. கிளிப் இல்லாமலே இன்னும் மெதுவா விட்டிருந்தா ஆட்டம் கொறைஞ்சிருக்கும். தப்பு ப்ளேன் மேல இல்ல, நம்ம கை மேல. கை வேகம்தான்னு சொன்ன அண்ணே, உங்களுக்கு அரை மார்க்.

27 ஜூலை

டீச்சர் கேட்டது: "மூக்குல கனம் ஏத்துனா தலைகுப்புறத்தான விழணும், ஏன் மெதக்குது?"

நல்லா மாட்டிவிட்டீங்க. மூக்குல கனம் வேணும், கூடவே இறக்கையோட பின்னோரத்துல ரெண்டு பக்கமும் ஒரு நெல்லுக்கனத்துக்கு மேல்நோக்கி மடிச்சு விடோணும். கனம் மூக்கைக் கீழ இழுக்கும், பின்னோரம் வாலைக் கீழ அமுத்தி மூக்கை மேல தூக்கும். ரெண்டும் மல்லுக்கட்டிக்கிட்டே போறதாலதான் நேராப் போகுது. வேகம் கூடுச்சுன்னா பின்னோரம் ஜெயிக்கும், மூக்கு எந்திரிக்கும், வேகம் கொறையும். வேகம் கொறைஞ்சா கனம் ஜெயிக்கும். மாமியா மருமக ரெண்டு பேரும் வெவரமா இருக்கற வீடு மாதிரி, சண்டை ஓயாது, குடும்பமும் கவுறாது.

கனம் மட்டும் போட்டுட்டுப் பின்னோரத்தை மடிக்காம விட்டா குத்தும். இது எங்க மாடியில நூறு தடவை பாத்தது.

1871லயே பிரான்ஸ்ல அல்ஃபோன்ஸ் பேனோ ரப்பர் பேண்டு முறுக்கி ஓட்டற மாடல்ல இந்த வால் வேலையச் செஞ்சு, தானா நேராப் போற ப்ளேனைப் பறக்க விட்டாரு. அவரு செஞ்ச மாதிரி ஒரு ரப்பர் பேண்டு ஹெலிகாப்டர் பொம்மையத்தான் 1878ல ரைட் சகோதரருங்களுக்கு அவங்கப்பா வாங்கிட்டு வந்து குடுத்தாரு. பசங்க ஒடைச்சுட்டு, மறுபடி மறுபடி தாங்களே செஞ்சு பாத்திருக்காங்க. டீ கிளாஸ் கடைக்காரருகிட்ட இதைச் சொன்னேன், ரைட் வீட்டுப் பக்கத்துல டீக்கடை இல்லீங்களான்னு கேட்டாரு.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

கட்டுச்சோத்தைக் கட்டிக்கிட்டு திருமூர்த்திமலை போய்ட்டு இப்பத்தான் வந்தோம். அணைக்கரைல ஒக்காந்து புளிச்சோறு தின்னுட்டு இருக்கறப்ப மலைச் சரிவுக்கு மேல ஒரு பருந்து, பத்து நிமிசம் இருக்கும், ஒரு தடவை கூட றெக்கைய அடிக்கல. காத்து சரிவுல மோதி மேல ஏறுது, அது அந்த ஏத்தத்து மேல சரிஞ்சுக்கிட்டே நிக்குது. கீழ எறங்கிட்டேதான் இருக்குது, ஆனா காத்து அதே வேகத்துல தூக்கிட்டே இருக்குது. ஓடற எஸ்கலேட்டர்ல எதிர்ப்பக்கமா எறங்கற பையன் மாதிரி.

அப்துல் கலாமுக்கு ராமேஸ்வரத்துல சிவசுப்பிரமணிய ஐயர்னு ஒரு வாத்தியாரு, பறவை எப்படிப் பறக்குதுன்னு போர்டுல சொல்லி, புரியலேன்னதும் கடற்கரைக்கே கூட்டிட்டுப் போயி காட்டுனாருன்னு படிச்சிருக்கேன். நம்ம டீச்சருக்குக் கடல் இல்ல, மண்டபம் இருக்குது.

4 ஆகஸ்ட்

27ஆம் தேதி எழுதுனதுல ஒரு பெரிய ஓட்டை. சொன்னது எங்க அம்மிணி.

"பின்னோரம் மடிக்காம விட்டா குத்தும்னீங்க, இது குத்தலயே"ன்னு ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டுச்சு. பதினஞ்சு செ.மீ. அகலம், ஆறு செ.மீ. நீளம் உள்ள சாதா தாள். முன்னோரத்தை அரை செ.மீ. அகலத்துல மூணு மடிப்பு, நல்லா நகத்தால தேச்சது. அவ்ளோதான். வால் இல்ல, பின்னோர மடிப்பு இல்ல, கிளிப் இல்ல, ஒடம்பே இல்ல. ரெண்டு விரல்ல பின்னோரத்தைப் புடிச்சு லேசா விட்டா சொகுசா மெதந்து போகுது. மடிப்பே போடாத துண்டை விட்டா அந்தப்பக்கம் இந்தப்பக்கம் அலைஞ்சுக்கிட்டு அரசெலை மாதிரி விழுது.

ராத்திரி பூரா தேடுனதுல தேறுனது: 2022ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல லீஃப் ரிஸ்ட்ராஃப் குழு இதையே ஆராய்ச்சியா பண்ணியிருக்காங்க. தட்டையான மெல்லிசுத் தகடு, முன்பக்கத்துக் கனத்தை மாத்தி மாத்தி, தண்ணித் தொட்டில வழுக விட்டுப் பாத்திருக்காங்க. அதுல தெரிஞ்சது என்னன்னா, நெஜ விமானத்து இறக்கைல தூக்கு விசை முன்னோரத்துல இருந்து கால்பங்கு தூரத்துலயே நெலையா நிக்கறமாதிரி கணக்கு, அதான் வால் இல்லாம அதால சமாளிக்க முடியாது. தட்டைத் தாள்ல அந்த எடம் நகரும். மூக்கு தூக்குனா விசை பின்னால நடுவுக்கு நகரும், வாலைத் தூக்கி மூக்கைத் தாழ்த்தும். மூக்கு தாழ்ந்தா விசை முன்னால வரும், மூக்கைத் தூக்கும். தானாவே. கனம் மட்டும் அந்தக் கால்பங்குக்கும் நடுவுக்கும் இடைல எங்கயோ விழோணும்.

அம்மிணி துண்டை ஸ்கேல் முனைல நிறுத்திப் பாத்தோம். மடிச்சப்பறம் மொத்தம் 45 மில்லி. சாயாம நின்னது முன்னோரத்துல இருந்து 18ல. கால்பங்குன்னா 11, நடுன்னா 22. நடுவுல பொருந்தி ஒக்காந்திருக்குது.

அதனால டீச்சர், அந்தத் தம்பி கேட்டது நான் நெனச்சதை விடப் பெரிய கேள்வி. தட்டையா இருக்கறது கொறை இல்ல, தட்டையா இருக்கறதாலதான் வாலே இல்லாம நேராப் போகுது. நான் என்னமோ மாமியா மருமக கதை சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது பொய்யில்ல, கூர் ராக்கெட்டுக்கு ரெண்டும் சேந்துதான் வேலை செய்யுதுன்னு இப்ப நெனைக்கறேன், ஆனா "மடிக்காம விட்டா குத்தும்"னு அடிச்சு விட்டது தப்பு. எங்க மாடில குத்துனதெல்லாம் ரெண்டு மூணு கிளிப் போட்டது.

6 ஆகஸ்ட்

"என்னோடது எல்லாமே இடதுபக்கம் திரும்புது"ன்னு டீச்சர் கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்டுச்சாம். இதுக்கு மட்டும் நான் முழு எக்ஸ்பர்ட், ஏன்னா இது விமானம் இல்ல, தாளு.

ஜெராக்ஸ் மெசின்ல இருந்து சுடச்சுட வர்ற தாளைக் கவனிங்க, லேசா சுருண்டிருக்கும். உள்ள உருளை மையை உருக்கி ஒட்டறப்ப தாள்ல இருக்கற ஈரமும் போயிருது, ஒரு பக்கம் ஜாஸ்தி காயுது, சுருளுது. அதை மடிச்சா ஒரு இறக்கையோட பின்னோரம் மேல, இன்னொண்ணு கீழன்னு கண்ணுக்குத் தெரியாத அளவு முறுக்கிக்கும். பின்னோரம் மேல வளைஞ்ச பக்கம் தூக்கு விசை கொறைஞ்சு அந்தப் பக்கம் சரியும், சரிஞ்ச பக்கமே திரும்பும். பின்னால இருந்து ஒரு கண்ணை மூடிட்டு மாடு புடிக்கறவன் பல்லு பாக்கறமாதிரி பாத்தா தெரியும். நீவி விட்டாப் போதும். இறக்கை ரெண்டையும் படுக்கையா வைக்காம ஆங்கில வி எழுத்து மாதிரி கொஞ்சம் தூக்கி வச்சா, ஒரு பக்கம் சாஞ்சாலும் தானா நிமிரும்.

அப்பறம் தாளுக்கு நார் ஓடற பக்கம்னு ஒண்ணு இருக்குது. நார் வாட்டத்துலயே மடிச்சா கத்தி மாதிரி விழும், குறுக்க மடிச்சா வெடிச்ச மாதிரி இருக்கும். கிழிச்சுப் பாருங்க, நேராக் கிழியற பக்கம்தான் வாட்டம். மழை நாள்ல எந்தப் பக்கம் மடிச்சாலும் ரெண்டு தடவை விடறதுக்குள்ள இறக்கை தொவண்டுரும், அன்னைக்கு பரோட்டா பொட்டலம் கட்டத்தான் ஆகும்.

11 ஆகஸ்ட்

டீச்சர் இருபத்தெட்டு பசங்களைக் கூட்டிட்டு மண்டபத்துக்கே வந்துட்டாங்க! எழுதறதுக்கு நெறைய இருக்குது, தொண்டை கட்டிருச்சு, சுருக்கமா. அந்த மூணு மடிப்புத் துண்டு எல்லாருக்கும் பறந்துச்சு, கூர் ராக்கெட் பாதிப் பேருக்குத்தான். கடைசி பெஞ்ச் தம்பி யாரும் சொல்லாம துண்டுக்குக் கீழ பரீட்சை அட்டையச் சாய்ச்சுப் புடிச்சுக்கிட்டே நடந்தான், அட்டைல மோதி மேல ஏறற காத்துல அது விழாம அவன் முன்னாலயே நாலஞ்சு அடி மெதந்துட்டுப் போச்சு. திருமூர்த்திமலைப் பருந்து! எனக்கு அதைப் பாத்து வாயடைச்சுப் போச்சு, அவன் "தெரியாம வந்துருச்சு சார்"ங்கறான். மறுபடி பண்ணச் சொன்னா வரல.

ஜெம் கிளிப் டப்பா ரெண்டு காலி. எங்க போச்சுன்னு பாத்தா பொண்ணுங்க செயினாக் கோத்துப் போட்டிருக்குதுங்க.

24 ஆகஸ்ட்

ஆவணி பொறந்து மண்டபத்துல கல்யாணம் ஆரம்பிச்சாச்சு, சாவிய எப்பவோ திருப்பிக் குடுத்துட்டேன். இன்னைக்கு மேனேஜரு போன். நான் மறந்தே போயிட்டேன், ஃபேன் மேல ஒக்காந்திருந்துதே ஒண்ணு, அது.

நேத்து முகூர்த்தத்துக்கு முன்னாடி எலக்ட்ரீசியன் சுவிட்சைப் போட்டிருக்கான். றெக்கை மெதுவா ஒரு சுத்து சுத்துனதும் ப்ளேன் நழுவி எறங்கி, மணமேடைக்கு எதிர்ப்பக்கமா, நாற்காலி வரிசைக்கெல்லாம் மேல, அப்படியே போயி கதவுகிட்ட மொய் எழுதற டேபிள்ல எறங்கியிருக்குது. மொய் எழுதற பெரியவரு பேரில்லாத கவருன்னு நெனச்சு பிரிச்சுப் பாத்திருக்காரு. உள்ள யாரோ ஒருத்தரோட ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாதி மை அப்பி.

மேனேஜரு சத்தம் போட்டுட்டே இருக்காரு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், ஃபேனுக்கு நேர் கீழ இருந்து மொய் டேபிள் வரைக்கும் எத்தனை டைல்ஸுங்கன்னு. போனை வச்சுட்டாரு.